இறைச்சி மாடுதான், தலைவரே

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய வாரம், லோரி வரும் காலைகளில், அண்ணி ஒவ்வொரு காளைக்கும் தன் கையாலேயே தீவனம் வைப்பார். நறுக்கிய புல்லின்மேல் சோயாச் சக்கையைக் கொட்டி, ஒரு பிடி உப்பு தூவி, அது தின்று முடிக்கும்வரை தாடையைச் சொறிந்தபடி நிற்பார். பிறகு பலகை வைத்து ஏற்றிவிடுவார். வண்டி எண்ணெய்ச் செம்பனை மர வரிசைகளுக்குள் திரும்பி மறையும்வரை இடத்தைவிட்டு அசையமாட்டார். அழுததில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டதும் இல்லை. "போற எடம் தெரிஞ்சுதான வளத்தேன். அனுப்பும்போது மட்டும் எதுக்கு வேற பக்கம் பாக்கணும்?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டார்.

ஜொகூரில், சிம்பாங் ரெங்கத்துக்கு வெளியே, ஆற்றை ஒட்டிய தாழ்வான நிலம் எங்களுடையது. அண்ணன் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டினார். சனிக்கிழமை வந்து ஞாயிறு மாலையே கிளம்பிவிடுவார். முப்பத்தோரு மாடுகளும் அண்ணியின் பொறுப்பு. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்த நான், கல்யாணமாகும்வரை அவர்களோடுதான் இருந்தேன். பெருநாள் ஆண்டுக்காண்டு பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து வரும். எந்தக் கன்றுக்கு அப்போது இரண்டு வயது நிரம்பும் என்று அண்ணி காலண்டரைப் பார்க்காமலே சொல்வார். பக்கத்து மலாய்க் கிராமத்துப் பள்ளிவாசல் ஆட்கள் குர்பானிக்கு மாடு தேர்ந்தெடுக்க வந்து பல்லைப் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், காதில் ஒரு கிழிசல்கூட இல்லையென்று உறுதி செய்வார்கள். வெயில் மாதங்களில் புல் கருகும். செம்பனை மட்டையை அரைத்துப் போட்டுச் சமாளிப்போம். நவம்பரில் மழை தொடங்கியதும் குளம்புப் புண்ணும் ஈயும் வந்துவிடும். அதன்பிறகு எங்கள் பயமெல்லாம் ஆற்றைப் பற்றித்தான்.

சுற்றுவட்டாரத்தில் மேடான இடம் ஒன்றுதான். பழைய தோட்டத்து அம்மன் கோயில் இருந்த குன்று. அந்தக் கோயிலில் அண்ணிக்கு நல்ல பெயர் இல்லை. வெட்டுக்கு மாடு விற்கிறவர் பால்குடம் எடுக்கக் கூடாது என்று ஓர் ஆடி மாதம் கமிட்டி முடிவு செய்தது. மாட்டிறைச்சியை வாயில் வைத்தறியாதவர் அண்ணி. அதை அவர்களிடம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமே என்றேன். "நான் என்ன சாப்பிடுறேன்னு அவுங்களுக்குக் கணக்கு சொல்லணுமா?" என்றார். அதற்குப் பிறகு கோயில் பக்கமே போகவில்லை.

அந்த டிசம்பரில் மூன்று நாள் விடாத மழை. பள்ளி விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தேன். நான்காம் நாள் காலை தொழுவத்தில் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. பாலம் மூழ்கிவிட்டதால் அண்ணனால் வர முடியவில்லை. அண்ணி கிழட்டுப் பசு ஒன்றின் கயிற்றைப் பிடித்து முன்னால் நடக்க, மற்றவை அதன் பின்னால் நீரில் இறங்கின. பிறந்து ஐந்து நாளான கன்றை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து நான் தள்ளிக்கொண்டு போனேன். அண்ணி குன்றை நோக்கித் திரும்பினார்.

கோயில் வாசலில் கமிட்டித் தலைவர் குடையோடு நின்றிருந்தார். இரும்புக் கதவு சாத்தியிருந்தது. கெட்டவரல்ல அவர், எங்கள் பின்னால் ஏறிவரும் தண்ணீரை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"ஏம்மா, இத்தன மாட்டயும் உள்ள விட்டா கமிட்டி என்னையத்தான் கேக்கும்," என்றவர் என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், பால் மாடுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன் லா."

ஆமாம் என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். பள்ளியில் யார் கேட்டாலும் நான் அப்படித்தான் சொல்லிவந்தேன். எனக்கு அது புதிய பொய்யே அல்ல.

அண்ணி முந்திக்கொண்டார். "இல்ல தலைவரே. இறைச்சி மாடுதான். இதுல ஒம்போது அடுத்த பெருநாளுக்குப் போவுது. அதுக்குன்னு இன்னைக்குத் தண்ணியில சாவ விடுவேனா? மாட்டக் கும்பிடுற எடம்தான இது? வெலகுங்க."

தலைவர் விலகவில்லை. கதவைத் திறக்கவும் இல்லை. அண்ணி அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டித் தாழ்ப்பாளை இழுத்தார். கிழட்டுப் பசு தலையைத் தாழ்த்தி நுழைந்தபோது குடை ஒருபக்கம் சாய்ந்தது, தலைவர் மறுபக்கம் ஒதுங்கினார். முப்பத்தொன்றும் உள்ளே போயின. கன்று வண்டியைத் தள்ளிக்கொண்டு, அண்ணியின் முகத்தைப் பாராமல் நுழைந்தேன். அது வெட்கம்.

நான்கு நாள் அங்கே இருந்தோம். அன்னதானக் கூடாரத்துக்கு அடியில் மாடுகள் நின்றபடி அசைபோட்டன. அண்ணி காலையும் மாலையும் முற்றத்தைக் கூட்டிக் கழுவினார். இரண்டாம் நாள் தலைவர், யாரோ அனுப்பியதுபோல் ஒரு கட்டு வாழைத்தண்டைப் போட்டுவிட்டுப் போனார். அண்ணி அதை நறுக்கி மாடுகளுக்குப் போட்டார். தண்ணீர் வடிந்ததும், வந்த வழியே இறங்கினோம். ஒரு மாடும் சாகவில்லை.

தைப்பூசத்துக்கு முன் கமிட்டியிடமிருந்து கடிதம் வந்தது. கோயிலின் புனிதம் கெட்டது, எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றிருந்தது. பதிலை என்னை எழுதச் சொன்னார் அண்ணி. நான் பணிவான இரண்டு பத்தி எழுதி வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அந்தத் தாளை மடித்து ஓரமாக வைத்தார். "டீச்சரு எழுத்து நல்லாத்தான் இருக்கு. வேற தாள் எடு." புதிய தாளில் ஒரே வரி எழுதவைத்தார்: 'அடுத்த வெள்ளத்துக்கும் வருவோம்.' கையெழுத்துப் போட்டுவிட்டு, "நீயும் போடு," என்றார். நானும் போட்டேன்.

அதன்பிறகு இரண்டு முறை மாடுகளோடு குன்று ஏறியிருக்கிறோம். ஒருமுறை கதவில் புதுப் பூட்டு தொங்கியது. அண்ணி கடப்பாரையோடு வந்திருந்தார். இப்போது கமிட்டியில் வேறு ஆட்கள். நான் மூவாரில் குடும்பத்தோடு இருக்கிறேன், இங்கேயும் பள்ளி ஆசிரியைதான். அண்ணிக்கு ஐம்பத்தெட்டு வயது. முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், இன்னும் புல் அறுக்கிறார். இந்த வாரம் ஜொகூர் முழுக்க வானம் இறங்கி நிற்கிறது. இன்று காலை ஏழு மணிக்கு அவருடைய அழைப்பு வந்தது. நலம் விசாரிப்பதெல்லாம் அவரிடம் கிடையாது.

"தண்ணி வேலிக்கு வந்துருச்சு. லீவு போட்டுட்டு வா."

தலைமையாசிரியர் காரணம் கேட்டார். "எங்க வீட்டுல இறைச்சி மாடு வளக்கறோம், சார். மேட்டுக்கு ஏத்தணும்," என்றேன். அவர் முகம் எப்படி மாறியது என்று பார்க்க எனக்கு நேரமில்லை.