கொம்பைலராய் இருந்தவர்

யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலம். கொம்பியூட்டர் வகுப்பில் புரோகிராமைத் தாளில்தான் எழுதினோம். பிழை பிடிக்கும் கொம்பைலரின் வேலையை எங்களோடு படித்த ஒல்லி அண்ணை ஒருவர் செய்தார். எதையும் மறுக்குமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் போட்டிருக்கிற சேட்டின் நுனியில் துடைப்பார்.

ஒருநாள் என் புரோகிராமில், பழப்பெட்டி கேட்கிற வரியில் நான் வாழைப்பழப்பெட்டியைக் கொடுத்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"வாழைப்பழமும் பழந்தானே, அண்ணை?" என்று எரிந்து விழுந்தேன்.

"ஓம். ஆனா பழப்பெட்டியெண்டு நம்பி எடுக்கிறவன் அதுக்குள்ளை மாம்பழத்தையும் போடுவான். பிறகு அது வாழைப்பழப்பெட்டியோ?"

"ஆர் போடுறது? நான் போடமாட்டன்!"

"உது மெஷினுக்குத் தெரியாதே."

தாளைக் கிழித்தெறிந்தேன்.

பிறகு கொழும்பில், உண்மையான மெஷினில், அதே வரியைத் தட்டினேன். உடனே மறுத்தது. கண்ணாடி துடைக்கிற நேரங்கூட அது எனக்காகத் தயங்கவில்லை.