கிக்கர் இல்லாத ஒன்பது வண்டிகள்

போன மாதம் என் தபால் பெட்டியில் ஒரு சீட்டு கிடந்தது. வெளிநாட்டுப் பார்சல் வந்திருக்கிறது, சுங்க அதிகாரி முன்னிலையில் பிரித்துப் பெற்றுக்கொள்ளவும் என்று அச்சடித்த சீட்டு. லம்பாசா தபால் நிலையத்தில் ஓர் இளம்பெண் கத்தரிக்கோலால் கட்டை அறுத்துப் பிரித்தாள். உள்ளே கனடாவின் பழைய செய்தித்தாளில் சுற்றிய, ஒரு சாணுக்குச் சற்று நீளமான, வளைந்த இரும்பு. உறையின் மேல் ‘பயன்படுத்திய இயந்திர உறுப்பு, மதிப்பு எதுவுமில்லை’ என்று எழுதியிருந்தது. இது என்ன அங்கிள் என்று ஹிந்தியில் கேட்டாள். மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பும் கிக்கர் என்றேன். வண்டி எங்கே என்றாள். வண்டி இல்லை என்றேன். வாகனப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவன் நான். படிவத்தில் கட்டம் இல்லாத பதில் ஒன்று வரும்போது அதிகாரியின் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அவள் முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டாள். நானாக இருந்தால் ஒரு விளக்கக் கடிதமாவது கேட்டிருப்பேன்.

கூடவே ஒரு குறிப்பு இருந்தது. வான்கூவரில் இறந்துபோன ஒருவரின் மகன் எழுதியது. அப்பாவின் துணி அலமாரியில் இது இருந்ததாம். ‘என் மரணத்துக்குப் பின் செயலாளருக்குத் திருப்பி அனுப்பவும்’ என்று எழுதி, என் தபால் பெட்டி எண்ணும் போட்ட அட்டை ஒன்று இதில் கட்டியிருந்ததாம். இது எதற்கு என்று தனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும் என்று நம்புகிறேன் என்று முடித்திருந்தான்.

எனக்குத் தெரியும். அந்த விதியை எழுதியவனே நான்தான்.

ஃபிஜியில் எங்கள் வடக்குத் தீவில் ஒரு காலத்தில் பழைய மோட்டார் சைக்கிள் கிளப் ஒன்று இருந்தது. பன்னிரண்டு உறுப்பினர்கள். கரும்பு விவசாயிகள் ஆறு பேர், சர்க்கரை மில் ஃபிட்டர் ஒருவர், ஒரு தையல்காரர், இரண்டு பள்ளி ஆசிரியர்கள், காவல் துறையில் இருந்த, பூர்வகுடி ஃபிஜியரான சார்ஜெண்ட் ஒருவர், செயலாளராக நான். முப்பது வயதுக்குக் குறைந்த வண்டி உள்ளே வரக்கூடாது. உறுப்பினருக்கு வயது வரம்பு இல்லை. இருபத்து மூன்று விதிகள் கொண்ட சிறு புத்தகம் ஒன்றை நான் தயாரித்து, மில் அலுவலகத்தில் படியெடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். தலைவர் ஒருவரைத் தவிர வேறு யாரும் அதைப் படித்ததாக எனக்கு நினைவில்லை. அவர் படித்ததுதான் பிற்பாடு வினையாயிற்று.

தலைவர் புலிலேகாவில் கரும்பு போட்டிருந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். சர்க்கரைக் கம்பெனி இந்த நாட்டைவிட்டுப் போனபோது, வெள்ளைக்கார ஓவர்சியர் வயல் சுற்றிய வண்டியை அவர் வாங்கினார். பாதி வரிசை வெட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த வண்டியின் சத்தத்தை வைத்து ஓவர்சியர் எந்தத் திருப்பத்தில் வருகிறார் என்று தன் அப்பா சொல்லிவிடுவார் என்பார். ஞாயிற்றுக்கிழமை காலை அதே வண்டியில், அதே வரப்பில், இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு சுற்றுப் போய் வருவார். பிறகுதான் கிளப். அவருடைய தகரக் கொட்டகையில் கூடி, நாகப் பாறைக் கோவில் வரைக்கும் வரிசையாகப் போய்த் திரும்பி, ஆட்டுக்கறியும், கிறக்கம் தரும் யங்கோனா வேர்ச்சாறுமாகச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்போம். தரையில் கிண்ணத்தை நடுவில் வைத்து, சிரட்டை சுற்றிச் சுற்றி வர, எந்த மேட்டில் எவன் வண்டி எத்தனை மைல் வேகத்தில் ஏறியது என்று பொய் சொல்வதுதான் நிகழ்ச்சி நிரல். நடவடிக்கைக் குறிப்பு இங்கிலீஷில், சண்டை ஹிந்தியில். தமிழ் எங்கள் இருவருக்கும் மட்டும்தான். அவருடையது மதராஸிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேச்சு. என்னுடையது மூன்று வருடம் சென்னையில் கல்லூரி படித்து வாங்கி வந்தது. “நீ பேசறது ரேடியோ பேசறாப்ல இருக்குது செகரட்ரி. நடுவுல பாட்டு ஒண்ணு போடு” என்பார்.

எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியை இரண்டு முறை கவிழ்த்தது. ஒரு தடவையில் திருத்தமாகச் செய்யத் தெரியவில்லை போலும். இரண்டாவதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமையில் வழிபாடு தவிர வேறு எதுவும் கூடாது என்று ஆணை வந்தது. கடை, பந்து விளையாட்டு, கடற்கரைச் சாப்பாடு எல்லாம் குற்றம். நான் ஆணையை நான்கு முறை படித்துவிட்டு ஒரு விண்ணப்பம் எழுதினேன். எங்களுடையது கோவிலுக்குச் செல்லும் பக்தர் குழு, வாகனங்களின் வயது தற்செயலானது என்று. அனுமதி கிடைத்தது. அதன்பின் நாலைந்து மாதம், நெற்றியில் திருநீறு பூசிய பதினொரு பேரும், முன்னால் பைபிளைச் சட்டைப்பையில் வைத்த மெதடிஸ்ட் சார்ஜெண்ட் ஒருவருமாக, புகை கக்கிக்கொண்டு சாமி கும்பிடப் போனோம். சோதனைச் சாவடியில் யாராவது நிறுத்தினால் சார்ஜெண்ட், இவர்கள் மிகவும் பக்தியானவர்கள் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார். நாங்கள் கடைசியாக நன்றாகச் சிரித்தது அப்போதுதான்.

இந்தியர்களுக்கு இனி இங்கே இடமில்லை என்று ஆளாளுக்குக் கிளம்பத் தொடங்கினார்கள். முதலில் போனவர் மில் ஃபிட்டர். சிட்னிக்கு. வீட்டை விற்றார், மாடுகளை விற்றார், வண்டியை விற்க மட்டும் மனம் வரவில்லை. வழியனுப்பும் நாளன்று, சிரட்டை இரண்டு சுற்று வந்த பிறகு எழுந்துபோய் ஒரு ஸ்பேனரை எடுத்துத் தன் வண்டியின் கிக்கரைக் கழற்றித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். நான் திரும்பி வரும்வரை எவனும் இவளை உதைக்கக்கூடாது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்துவிட்டு அதை விதியாக்கினேன். விதி இருபத்து நான்கு: நாட்டைவிட்டுச் செல்லும் உறுப்பினர் கிக்கரைத் தன்னுடன் எடுத்துச் செல்லலாம், வண்டி தலைவரின் பாதுகாப்பில் இருக்கும், உறுப்பினர் இறந்தால் கிக்கர் செயலாளருக்குத் திரும்பும், தலைவர் இப்பொறுப்பிலிருந்து விலக வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் நேரில் கூடிச் சம்மதிக்க வேண்டும், பிரதிநிதி ஏற்கப்படமாட்டார். கடைசிப் பகுதி எதற்கென்றால், அது இல்லாமல் விதி முழுமையாகத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். ஆக்லாந்து, பிரிஸ்பேன், வான்கூவர். சில வருடங்களில் தலைவரின் கொட்டகையில் கிக்கர் இல்லாத ஒன்பது வண்டிகள் சுவரோரம் நின்றன. கிண்ணத்தைச் சுற்றி நாங்கள் மூன்று பேர். தலைவர் மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் ஸ்டாண்டில் ஏற்றி, கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றி இன்ஜினைப் புரட்டுவார். பிஸ்டன் பிடித்துக்கொள்ளாமல் இருக்க அது போதும். ஒன்பது வண்டிகளுக்கும் முதுகு ஒன்றுதான். நான் பக்கத்தில் நின்று பதிவேட்டில் தேதி போடுவேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவருடைய நிலக் குத்தகை முடிந்தது. புதுப்பிக்கவில்லை. வேறு வழி பார்க்கும்வரை வீட்டிலும் கொட்டகையிலும் இருந்துகொள்ளுங்கள் என்று நிலத்துக்காரர் மரியாதையாகவே சொன்னார். ஆக்லாந்திலிருந்த மகள் விண்ணப்பித்து அவருக்கும் மனைவிக்கும் விசா வாங்கிவிட்டாள். குறிப்பிட்ட தேதிக்குள் போய் இறங்க வேண்டும். அதற்கு ஆறு மாதம் இருக்கும்போது ஒருநாள் தலைவர் என் அலுவலகத்துக்கு வந்தார். நேராக உள்ளே வந்திருக்கலாம். வரிசையில் நின்று, முறை வந்ததும் கவுண்டருக்கு வந்தார். கையில் விதிப் புத்தகம்.

“கிளப்ப மூடிட்டு நான் போவலாமா செகரட்ரி?”

எட்டுப் பேர் கூட வேண்டும், குவோரம் இல்லாமல் தீர்மானம் செல்லாது என்றேன்.

“நம்ம மூணு பேரு. பாக்கி அஞ்சு பேரு பிளேன் ஏறி வருவானுங்களா?”

எல்லோருக்கும் எழுதிப் பார்க்கிறேன், நேரில் வர முடியாவிட்டால் கையெழுத்துப் போட்ட சம்மதமாவது வந்தால், அதை ஏற்பதற்கு ஒரு திருத்தம் கொண்டுவரலாம், ஆனால் திருத்தத்துக்கும் குவோரம் வேண்டும் என்று விளக்கினேன். பின்னால் இருபது பேர் நின்றிருந்தார்கள். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“சரி, எழுது. ஒம்போது பேருக்கு வாக்கு குடுத்துருக்கேன். ரூல் படி போனாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”

ஒன்பது கடிதங்கள் எழுதினேன். ஒன்று முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. ஒருவர் பேரனின் புகைப்படம் அனுப்பினார். மில் ஃபிட்டர், விற்றுவிடாதீர்கள், வரும் கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வருகிறேன் என்று எழுதினார். மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை. நினைவூட்டல் கடிதம் அனுப்பினேன். இரண்டாவது நினைவூட்டலும் அனுப்பினேன். அதற்குள் தேதி நெருங்கிவிட்டது. தலைவரின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒருநாள் அவர் எனக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டார்: “ஏன் தம்பி, ஒங்க ரூலு புஸ்தகத்துக்கு விசா ஒட்டித் தருவாங்களா?” நான் டீயைக் குடித்தேன்.

அந்த எட்டுக் கையெழுத்தையும் மூன்று கையெழுத்தாகக் குறைக்க எனக்கு ஒரு பேனா போதும். அரசாங்க வேலையில் அதைவிடப் பெரிய வளைவுகளை நான் மனம் உறுத்தாமல் வளைத்திருக்கிறேன். பாதுகாப்பை நீ எடுத்துக்கொள் என்று என்னிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எடுத்துக்கொள்கிறேன் என்று நானும் சொல்லவில்லை. அவர் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போக இடமில்லை. அதை விதியின் பின்னால் வைத்து மறைத்துக்கொண்டேன். மறைக்க வசதியாக விதியும் நன்றாக எழுதப்பட்டிருந்தது.

தேதி தாண்டிப் போயிற்று. மகள் மறுபடி விண்ணப்பித்தாள். அந்த விண்ணப்பம் ஏதோ ஒரு மேசையில் இருக்கும்போது இரண்டாயிரத்தின் மே மாதம் வந்தது. தலைநகரில் நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்தார்கள் என்று ரேடியோவில் கேட்டோம். சில வாரங்களில் எங்கள் பக்கத்து இந்தியர் தோட்டங்களிலும் மாடு காணாமல் போவது, வீடு எரிவது என்று ஆரம்பித்தது. புலிலேகாவில் பலர் நகரத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நானும் தலைவரை என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். வண்டிகளை விட்டுவிட்டா என்று கேட்டார்.

மழை விட்ட ஒரு மத்தியானம் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு லாரியில் வந்தார்கள். இதை அக்கா எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னார். லாரிச் சத்தம் கேட்டதும் தலைவர் அவரைக் கரும்புக்குள் போய் உட்காரச் சொல்லியிருக்கிறார். ஓட வேண்டிய நேரத்தில், கொட்டகைக்குள் போய் ஏதோ செய்துவிட்டு வீட்டுக்குள் ஓடியிருக்கிறார். வந்தவர்களுக்குப் பழைய வண்டிகளைப் பார்த்ததும் சந்தோஷம். ஏறி உட்கார்ந்து உதைக்கக் காலைத் தூக்கினால் உதைக்க ஒன்றும் இல்லை. அடுத்த வண்டியிலும் இல்லை. பத்து வண்டியிலும் இல்லை. கிக்கரையெல்லாம் எங்கே ஒளித்துவைத்திருக்கிறாய் என்று கேட்டார்கள். அவர் உள்ளதைச் சொன்னார். சிட்னியில் மூன்று, ஆக்லாந்தில் நான்கு, பிரிஸ்பேனில் ஒன்று, வான்கூவரில் ஒன்று. முதலில் சிரித்தார்களாம். மறுபடி கேட்டபோது மறுபடி அதையே, அதே வரிசையில் சொன்னார். தங்களைக் கேலி செய்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். எந்தக் காலால் உதைப்பாய் என்று ஒருவன் கேட்டிருக்கிறான். அதற்கும் உண்மையைச் சொன்னார்.

வலது முழங்காலை இரும்புக் குழாயால் அடித்து உடைத்தார்கள். ஐந்து வண்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு, மிச்சத்தைக் கொட்டகையோடு கொளுத்திவிட்டுப் போனார்கள்.

அவரைத் தன் தோளில் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவர் சார்ஜெண்ட்தான். இரண்டு நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அதன்பின் அவர் எங்களோடு கிண்ணத்தைச் சுற்றி உட்காரவே இல்லை. நானும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் அக்கா ஒரு துண்டில் சுற்றி எதையோ கொண்டுவந்து என் மடியில் வைத்தார். கஞ்சி வைக்க அரிசி டிரம்மில் கைவிட்டபோது கிடைத்ததாம். தலைவருடைய வண்டியின் கிக்கர். கொட்டகை வண்டிகளின் கிக்கர்களில் அந்த ஒன்று மட்டும்தான் அன்றைக்கு இந்த நாட்டில் இருந்தது. அதை விட்டுவைத்திருந்தால் அவர்கள் ஒரு வண்டியையாவது கிளப்பிக்கொண்டு, அவர் சொன்னதை நம்பிப் போயிருக்கலாம். ஓவர்சியர் வண்டிச் சத்தத்தை வேறு ஒருவன் உதைத்துக் கேட்க அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. கிரீஸில் அரிசி ஒட்டியிருந்தது.

“ஒங்க கிளப்பு சாமான். நீங்களே வச்சிக்குங்க” என்றார் அக்கா.

அடுத்த வருடம் இருவரும் ஆக்லாந்துக்குப் போனார்கள். பாதுகாக்க எதுவும் இல்லாதபோது குவோரம் தேவைப்படவில்லை. விமான நிலையத்தில் நான் கிக்கரை நீட்டினேன், விதிப்படி அவர் எடுத்துப்போக வேண்டியது. மடங்காத காலைப் பார்த்துவிட்டு, நீயே வைத்திரு என்றார். அங்கிருந்து தீபாவளி தோறும் போன் செய்வார். மழை, கரும்பு விலை, யார் செத்தது என்றெல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் ஒரே கேள்வி: “என்னா செகரட்ரி, குவோரம் சேந்துச்சா?” குரலில் கோபம் துளியும் இருக்காது. இல்லை தலைவரே என்பேன். “பாப்போம், பாப்போம்” என்று வைத்துவிடுவார். ஏழு தீபாவளி அப்படிப் போயிற்று. எட்டாவதுக்கு அக்கா போன் செய்தார்.

அதற்குப் பிறகுதான் கிக்கர்கள் திரும்பி வரத் தொடங்கின. சிட்னியிலிருந்து இரண்டு, ஆக்லாந்திலிருந்து ஒன்று, பிரிஸ்பேனிலிருந்து ஒன்று. சார்ஜெண்ட்டினுடையதை அவர் மகன் கையில் கொண்டுவந்து கொடுத்தான். நான் எழுதிய இருபத்து நான்கு விதிகளில் எல்லோரும் கீழ்ப்படிந்தது செத்தபின் செய்ய வேண்டியதற்கு மட்டும்தான்.

வான்கூவர் கிக்கரை வீட்டுக்குக் கொண்டுவந்து மண்ணெண்ணெயில் துடைத்து, மேசையில் மற்றவற்றின் பக்கத்தில் வைத்தேன். தலைவருடையது இந்தக் கோடியில். எண்ணிப் பார்த்தேன். ஏழு. என்னுடையது வாசலில் நிற்கும் வண்டியில் துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கிறது, நான் நேரில் இருக்கிறேன். எட்டு.

நடவடிக்கைக் குறிப்பேட்டை எடுத்தேன். அதில் பதிந்திருந்த விதி இருபத்து நான்கில், பிரதிநிதி ஏற்கப்படமாட்டார் என்ற வரியை ஸ்கேல் வைத்து அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டேன். அதற்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு தேதி, இடம், வந்திருந்தோர் பெயர்கள். தலைவர் கேட்டுக்கொண்டபடி, அவர் என் கவுண்டருக்கு வந்த அந்த நாளிலிருந்து அவரைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதென்று தீர்மானம். எதிர்ப்போர் எவருமில்லை என்று எழுதினேன். கீழே தலைவர் கையெழுத்திட வேண்டிய கோடு இருந்தது. அதைக் காலியாக விட்டுவிட்டு, மை காயும் வரை உட்கார்ந்திருந்தேன்.