தம்பிக்கு எதிரே ஒரு நாற்காலி

என் தம்பிக்கு அறுபத்தொரு வயது. நாற்பது வருடமாக சிகரெட் பிடிக்கிறான். அவன் பிடித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அண்ணன் முன்னால் பிடிப்பது மரியாதை இல்லை என்பது எங்கள் வீட்டு நியாயம். சாகலாம், மரியாதை கெட்டுவிடக் கூடாது.

தங்கை கல்யாணத்தன்று, பந்திக்கு இலை போதுமா என்று அவனிடம் கேட்டுக்கொண்டு நின்றேன். கையைப் பொத்தியபடியே பதில் சொன்னான். எரிகிற சிகரெட் உள்ளங்கைக்குள் இருந்திருக்கிறது. கொப்புளத்தைப் பார்த்த அம்மாவிடம், அப்பளம் பொரித்த எண்ணெய் தெறித்துவிட்டது என்றான். அன்று அவன் அடுக்களைப் பக்கமே போகவில்லை.

போன வருடம் இடது காலில் ஒரு விரல் கறுத்தது. எடுத்துவிட்டார்கள். புகையால் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது, இனியும் பிடித்தால் காலே போய்விடும் என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்ததும் தம்பி மனைவி அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு ஒரு யோசனை சொன்னாள்.

“அத்தான், நீங்க தெனமும் வந்து அவங்களுக்கு எதுத்தாப்ல இருந்தாப் போதும். ஒண்ணும் பேச வேண்டாம்.”

ஓய்வுபெற்ற எனக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தது. காலையில் வண்ணார்பேட்டையில் பஸ் ஏறி, பாளையங்கோட்டையில் அவன் வீட்டுக்குப் போய், கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்காருவேன். நான் பேப்பரைப் பார்ப்பேன். அவன் என்னைப் பார்ப்பான்.

என்னைக் கிளப்ப அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை.

“அண்ணாச்சி, ஆத்துல தண்ணி நல்லா வருதாம். போய்க் குளிச்சிட்டு வாங்களேன்.”

“குளிச்சிட்டுத்தாம்லே வந்தேன்.”

“கோயில்ல இன்னைக்கு கூட்டமே இல்லையாம்.”

“சும்மா கெடலே. சாமியும் எங்கயும் போகாது, நானும் போகல.”

சிரித்துவிடுவான். எனக்கும் சிரிப்பு வரும். சின்ன வயதுக்குப் பிறகு அவனோடு இவ்வளவு நேரம் நான் இருந்ததே இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

சாயங்காலமானால் வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். அவன் மனைவி மாத்திரை போட்டுத் தூங்குகிறவள். ராத்திரிக்குக் காவல் யார் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. இரண்டு பேரும் டிகிரி படித்தவர்கள். ஒருநாள் விடியற்காலை பாத்ரூமில் சிகரெட் வாடையை அவள் கண்டுபிடித்தபோது அவன் பாதம் கறுத்திருந்தது.

இந்த முறை டாக்டர் புத்தி எதுவும் சொல்லவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம், வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்துவிடுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து அவன் கட்டிலில் உட்கார்ந்தான். நான் வழக்கம்போல எதிரே உட்கார்ந்தேன். தலையணைக்கு அடியிலிருந்து பாக்கெட்டை எடுத்தான். என்னைப் பார்த்துக்கொண்டே பற்றவைத்தான். புகையை மட்டும் என் மேல் படாமல் ஜன்னல் பக்கம் ஊதினான்.

“எப்படியும் வெட்டத்தான போறாங்க, அண்ணாச்சி.”

மரியாதை போனதற்காக எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. என்னை விட்டால் அவன் பயப்படுவதற்கு வேறு ஆள் கிடையாது.

“ஏலே, இன்னொரு கால் இருக்குல்லா?” என்றேன்.

குனிந்து அந்தக் காலைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். சாம்பல் விரிப்பில் உதிர்ந்தது. பிறகு இன்னொரு இழுப்பு இழுத்தான்.