அம்மாவுக்குத் தெரிந்த கறுப்பு

முப்பத்தெட்டு வயதிலேயே எனக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மல்லாவிக்குப் பக்கத்தில் அரை ஏக்கரில் கச்சான் கடலையும் மிளகாயும் வைத்துக்கொண்டு அம்மாவோடு தனியே இருப்பவளின் தலையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். ஐம்பதில் முழுத்தலையும் வெள்ளை.

அந்த வருடம்தான் அம்மாவுக்கு மறதி கூடியது. அடுப்பில் வைத்த பாலை மறந்தார். கிழமை மறந்தார். ஒரு காலை நான் தேநீரோடு குசினியிலிருந்து வர, கதிரையில் இருந்தவர் பதறி எழும்பிச் சுவரோடு ஒட்டி நின்றார்.

"நீங்கள் ஆர்? என்ர பிள்ளை எங்க?"

"நான்தானம்மா."

"இல்லை. என்ர பிள்ளைக்கு உப்பிடி நரையில்லை."

அன்று என் கையால் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரி வந்து சோறு தீத்திய பிறகுதான் வாயைத் திறந்தார். போகும்போது அவள் சொன்னாள்: "அக்கா, ஒருக்கா தலைக்கு டை அடிச்சுப் பாருங்கோவன். அம்மாவின்ர மனசில நீங்கள் பழைய ஆளாத்தான் இருக்கிறியள் போல."

அடுத்த நாள் கடையில் ஒரு பெட்டி வாங்கி வந்து பூசினேன். காதிலும் நெற்றியிலும் கறுப்பு அப்பிக்கொண்டு நின்ற என்னை அம்மா வாசலில் கண்டார்.

"எங்க போனனீ இவ்வளவு நேரமும்? சாப்பிட்டியோ?"

கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவுகிற சாட்டில் அழுதேன்.

அந்தக் கறுப்பு இரண்டு கிழமைகூட நிற்கவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படை கட்டும் தண்ணீர். வெயிலும் சேர, நெற்றியோரம் முதலில் செம்பட்டையாகும், பிறகு வெளுக்கும். வெளுக்க வெளுக்க அம்மாவின் பார்வை மாறும். "நீ" என்றவர் ஒரு நாள் "நீங்கள்" என்பார். அன்றைக்குப் பெட்டி உடைக்க வேண்டும்.

மல்லாவியில் அழகு நிலையம் வைத்திருக்கும் பிள்ளையிடம் போய், கறுப்பு நிற்க என்ன வழி என்று கேட்டேன். நான் வேறு ஏதோ ஆசையில் கேட்கிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். சிரித்தபடி பொறுமையாகச் சொன்னாள்.

"டை அடிச்சு மூண்டு நாளைக்கு முழுகாதேங்கோ அக்கா. சுடுதண்ணி கூடாது. சவுக்காரம் தலையில படவே கூடாது. ஏலுமெண்டால் குடிக்கிற தண்ணியில அலசுங்கோ. வெயிலுக்க போகாதேங்கோ."

வெயிலுக்குள் போகாமல் கச்சான் பிடுங்குவது எப்படி என்று நான் அவளிடம் கேட்கவில்லை. தலையை இரட்டைத் துணியால் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். உடம்புக்குக் கிணற்றில் வார்த்து, தலைக்கு மட்டும் குடிக்க வாங்கும் சுத்திகரித்த தண்ணீரை ஊற்றினேன். மாரியில் கூரைப் பீலியால் வடியும் மழைத் தண்ணீரை வாளிகளில் பிடித்து மூடிவைத்தேன். வியர்வையில் தலை நாறியது. அப்படியிருந்தும் நான்கு நாள்தான் கூடுதலாக நின்றது.

ஆகவே அடிக்கடி பூசினேன். இதற்குள் திரும்பப் பூசவேண்டாம் என்று பெட்டியில் எழுதியிருந்த நாள்களுக்குள்ளேயே பூசினேன். முதலில் தலை கடித்தது. பிறகு காதோரம் நீர் கசிந்தது. ஒரு காலை இரண்டு கண்களும் வீங்கித் திறக்க முடியாமல் போக, பக்கத்து வீட்டுக்காரி என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனாள். டொக்டர் தலையைப் பிரித்துப் பார்த்தார்.

"இனி இதைத் தொடவே கூடாது. அடுத்த முறை மூச்சு அடைச்சாலும் அடைக்கும்."

"ஒரு நாளைக்கு மட்டும், கொஞ்சமா..."

"விளங்குதோ அம்மா? தொடவே கூடாது."

மருதோன்றி அரைத்துப் போட்டேன். வெள்ளை முடி செம்மஞ்சளாக நின்றது. அம்மா பயந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். கறுப்புத் துணியால் முடி தெரியாமல் கட்டினேன். அதற்கு அவர் என்னை ஆஸ்பத்திரியில் வேலை செய்பவள் என்று நினைத்து, முழங்கால் நோவுக்கு மருந்து கேட்டார். எண்ணெய் தேய்த்துவிட்டேன். தன் மகள் எப்போது வருவாள் என்று கேட்டார்.

பிறகு துணியையும் கட்டுவதில்லை.

இப்போது அம்மாவுக்கு என்னில் பயமில்லை. வீட்டில் வந்து தங்கியிருக்கும் நல்ல மனுசி என்று ஏற்றுக்கொண்டுவிட்டார். என்னை மரியாதையாகவே கூப்பிடுவார். இருபது வருடத்துக்கு முந்தி நான் எதிர்த்துக் கதைத்ததை என்னிடமே குறை சொல்வார். நானும் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

நேற்று மத்தியானம் கோப்பையில் பாதிச் சோற்றை ஒதுக்கி என் பக்கம் தள்ளினார்.

"இதை மூடி வையுங்கோ. பிள்ளை தோட்டத்தால களைச்சு வருவாள்."

"ஓம், வைக்கிறன்" என்று வாங்கிக்கொண்டு போனேன். குசினிக்குள் நின்றபடியே அதைச் சாப்பிட்டேன்.