முதல் கையெழுத்தும் கடை விமானமும்

இன்று மதியம் பசை வாங்க மாதிரி விமானங்கள் விற்கும் ஈப்போ கடைக்குப் போயிருந்தேன்.

எங்கள் மாதிரி விமானப் போட்டியில் இதுவரை ஒரு விதி இருந்தது: பறக்கவிடுபவரே விமானத்தைச் செய்திருக்க வேண்டும். இந்த வருடம் போட்டி நடத்துபவர்கள் அதை எடுத்துவிட்டார்கள். அதை எதிர்த்துச் சுங்கை சிப்புட் ஊரில் வீடு வீடாகப் போய் மனுவுக்குக் கையெழுத்து வாங்கினேன்.

முதல் கையெழுத்து நண்பன் சேகருடையது. "நம்ம கையால ஒட்டாதது என்னா பிளேன் மச்சான்?" என்று சொல்லித்தான் போட்டான்.

கடையில் அதே சேகர். கையில் பெரிய பெட்டி. உள்ளே வர்ணம்கூடப் பூசி முடித்த முழு விமானம்.

"என்னடா இது?"

"போட்டிக்கு லா. எல்லாரும் வாங்குறானுங்க, நான் மட்டும் தோக்கவா?"

"மனுவுல ஒம் பேருதான்டா மொதல்ல இருக்கு."

"அத அடிச்சிடாத மச்சான். கொள்கைல நான் ஒன் பக்கம்தான்."

வாசல்வரை போனவன் திரும்பினான். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாரேன். பிளேனுக்கு பேலன்ஸ் பாத்துக் குடுத்துரு. ஒன் கை பட்டாத்தான் ஒழுங்கா பறக்கும்."

நாளை மனுவைக் கொடுக்க வேண்டும். முதல் பெயரை அடிக்கவா, விடவா?

கையெழுத்துப் போட்ட மற்றவர்களும் சொல்லுங்கள். அப்படியே, உங்களில் யார் யார் வீட்டில் பெட்டி வந்து இறங்கியிருக்கிறது என்பதையும்.