அல்லிநகரத்தில் காருக்கு மூளை மாற்றியது

காலை 6.40, தேனி. மாயவரத்திலிருந்து இரவெல்லாம் உட்கார்ந்தே வந்ததில் கண் பாதிதான் திறந்திருந்தது. மீதியைத் திறந்துவைத்தது காற்று. ஆனி மாதத்தில் இந்த ஊரில் டீ குடிக்க இரண்டு கை போதாது, வேட்டியைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். டீ மூன்று ரூபாய். மேற்கே மலை நின்ற இடத்தில் மேகம்தான் நின்றது. எங்கள் பக்கத்தில் மேடு என்றால் ரயில் தண்டவாளம் போட்ட மேடுதான். அதனால் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது நடந்தது 2006இல். கம்பம் நாற்பது கிலோமீட்டர். பேருந்தில் போயிருக்கலாம். ஆனால் தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவனுக்கே உரிய திமிர் அன்று வந்து, நானூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு கார் பேசினேன். வெள்ளை நிறச் சின்ன பெட்ரோல் கார். பின்கண்ணாடியில் 'ஈஸ்வரி' என்று எழுதியிருந்தது. ஓட்டுநரும் உரிமையாளரும் ஒருவரே: பரமன், கம்பத்துக்காரர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

7.25. வீரபாண்டியை நெருங்கும்போது டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. கார் இருமுறை குலுங்கி, தென்னந்தோப்பு ஓரமாக நின்றுவிட்டது. பரமன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பணம் கொடுத்து நடுரோட்டில் நிற்கவா வந்தேன் என்று ஆரம்பித்தேன்.

"திட்டுங்க சார். இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான். சாயங்காலம் சின்னமனூர் புரோக்கர் வீட்டுக்கு வர்றாரு, வண்டியை வித்துருவேன்" என்றார்.

போன ஆவணியில் அவருக்குக் கல்யாணம். அதே மாதம் இந்தக் காரை வாங்கி, மனைவி பெயரை எழுதினார். மூன்றாம் மாதத்திலிருந்து வண்டி நிற்க ஆரம்பித்தது.

"மூணு மெக்கானிக் பார்த்தாக. பம்ப்பை மாத்துனாக, காயிலை மாத்துனாக. எங்க ஆத்தா வண்டியைப் பார்க்கல சார், என் பொண்டாட்டியைத்தான் பார்க்குறாக. இவ கால் வச்ச நேரம்னு ஊரெல்லாம் சொல்லிட்டாக. அவ அழுகிறதும் இல்ல, பதில் சொல்றதும் இல்ல. வண்டியை வித்துரலாம். அந்தப் பேரை எங்கன சார் கொண்டுபோய் விக்கிறது?"

கம்பத்துக்குப் பேருந்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, எதற்கும் நான் கைகாட்டவில்லை. தேனிப் பக்கம் திரும்பிப் போன ஒரு மினி லாரி எங்களைக் கயிறு கட்டி இழுத்தது. என்ஜின் சத்தம் இல்லாமல் நகரும் காருக்குள் உட்கார்ந்திருப்பது படகில் போவது போல இருந்தது. வாழைத்தோட்டங்களும் வயல்களும் தூக்கத்துக்குள் வருவதும் போவதுமாக இருந்தன.

8.30, தேனியை ஒட்டிய அல்லிநகரம். பட்டறைக்காரர் பெயர் செல்லத்துரை. ஒல்லியான மனிதர், காதில் பென்சில். காரைத் தொடுவதற்கு முன்னால் கேள்வியாகக் கேட்டார். எப்போது நிற்கும், வெயிலிலா மழையிலா, ஆறவிட்டால் ஓடுமா? ஓடிச் சூடேறினால் நிற்கும், ஆறினால் ஓடும் என்று பரமன் பதில் சொல்லிவிட்டுச் சாவியைத் திருகினார். கார் சட்டென்று கிளம்பிவிட்டது, ஒன்றுமே நடக்காத மாதிரி!

"இப்படித்தாண்ணே என்னைப் பொய்க்காரனாக்கும்" என்றார் பரமன்.

செல்லத்துரை கையடக்கமான ஒரு கருவியைக் காரில் செருகினார். அதன் திரையில் எண்கள் ஓடின. இடதுபக்க சீட்டுக்கு முன்னால், டாஷ்போர்டுக்கு அடியில், சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அலுமினியப் பெட்டி ஒன்று இருந்தது. அதுதான் காரின் கம்ப்யூட்டர்; எப்போது பெட்ரோல் தெளிப்பது, எப்போது பொறி விடுவது என்று என்ஜினுக்குச் சொல்வது அதுதானாம். ஓடுகிற காரில் அந்தப் பெட்டிமேல் மட்டும், முடி காயவைக்கிற மெஷினால் சூடு காட்டினார். நான் சிரித்தேன். ஐந்து நிமிடத்தில் என்ஜின் செத்தது. திரையில் எண்களும் நின்றுபோயின.

"கரண்டு வருது, எர்த்து இருக்கு. ஆனா பெட்டி வாயைத் திறக்க மாட்டேங்குது" என்றார் செல்லத்துரை. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பெட்டியை எடுத்துத் திருகாணிகளைத் திருப்பினார்.

உள்ளே பச்சைத் தகட்டில் சில்லுகளின் கம்பிக் கால்கள் பாசி பிடித்திருந்தன. ஓரமெல்லாம் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். "என்னா பரமா, மஞ்சத்தூள் வாடை அடிக்குது?"

பரமன் சாணத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று எழுத ஆசை. அங்கே இருந்தது ஆயில் தரை, அதில்தான் உட்கார்ந்தார். வண்டி வாங்கிய நாளிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் ஈஸ்வரி மஞ்சள்தண்ணீர் கரைத்து, வேப்பிலை போட்டு, வீரபாண்டி கௌமாரியம்மனை வேண்டிக்கொண்டு காருக்கு ஊற்றுவாராம். ஆளுக்குத் தலைக்கு ஊற்றுவது போல முன்கண்ணாடியின் உச்சியிலிருந்து. வண்டி நின்ற வாரத்தில் இன்னொரு குடம் கூடுதலாக. கண்ணாடிக்கு அடியில் காற்று போகும் சல்லடை இருக்கிறது. அதன் வழியாக இறங்கிய தண்ணீர் நேரே பெட்டியின் மேல் சொட்டியிருக்கிறது.

"வண்டி நல்லாருக்கணும்னுதாண்ணே ஊத்துனா" என்றார் பரமன். "இதைச் சொன்னா, அவதான் கெடுத்தான்னு ஆயிரும். சொல்லாட்டி, அவ நேரம்தான் கெடுத்துச்சுன்னு ஆயிரும்."

செல்லத்துரை மதுரைக்குப் போன் போட்டார். பழைய சாமான் கடையில் இதே பெட்டி கிடைக்குமா என்று கேட்டு, மேலே ஒட்டியிருந்த எண்ணை ஒவ்வொரு எழுத்தாக மூன்று முறை வாசித்தார். ஒரு எழுத்து மாறினாலும் வேறு வண்டியின் மூளையாகிவிடுமாம். இருந்தது. கடைப்பையன் யாரையும் அனுப்ப வேண்டாம், பதினொன்றே காலுக்குப் புறப்படும் பேருந்தின் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் போதும் என்றார். இந்தப் பக்கத்தில் உதிரிபாகங்கள் இப்படித்தான், டிக்கெட் வாங்காத பயணிகளாக, பயணம் செய்கின்றன.

அதுவரை பட்டறை வேப்பமரத்தடியில் ஒரு பழைய பேருந்து சீட்டில் படுத்தேன். காற்று அடிக்க அடிக்க நிழல் என்மேல் ஏறி இறங்கியது. தூக்கத்தில் மலைகள் இரண்டு பக்கமும் மெல்ல நடந்துவந்தன. நடுவே மஞ்சள் மழை பெய்துகொண்டிருந்தது, யாரும் குடை பிடிக்கவில்லை. விழித்தபோது மணி ஒன்றரை. பரமன் பேருந்து நிலையத்திலிருந்து செய்தித்தாளில் சுற்றிய பெட்டியோடு வந்துகொண்டிருந்தார், கைக்குழந்தையைத் தூக்கி வருகிற ஜாக்கிரதையோடு.

2.10. பெட்டியை மாட்டி, பேட்டரி கொடுத்து, சாவி திருகியாயிற்று. மறுபடியும் முடி காயவைக்கிற மெஷின், இந்த முறை பதினைந்து நிமிடம். என்ஜின் அசரவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. பெட்டிக்கு மேல் ரப்பர் ஷீட்டில் ஒரு சின்னக் கூரை போட்டார் செல்லத்துரை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "உங்க ஆத்தாவுக்குப் போனைப் போடு" என்றார்.

"நான் மெக்கானிக் பேசுறேம்மா. காத்துக்காலத்துச் சாரல் உள்ள இறங்கி ஒரு சாமானைக் கெடுத்துருச்சு. மாத்தியாச்சு. யார் மேலயும் குத்தமில்ல, புரோக்கரை வர வேணாம்னு சொல்லுங்க."

4.30, கம்பம். சின்னமனூர், உத்தமபாளையம் எதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. மஞ்சள் விளக்கு எரிகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டு வந்தேன். எரியவில்லை. டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று பரமன் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அன்று செவ்வாய்க்கிழமை என்பது எங்கள் இருவருக்கும் மறந்துபோயிருந்தது. வாசலில் ஈஸ்வரி குடத்தோடு நின்றிருந்தார்.

"ஊத்தாத ஈஸ்வரி. சாரல் தண்ணி இறங்கித்தான் கெட்டுச்சாம்" என்று பரமன் குறுக்கே போய் நின்றார்.

ஈஸ்வரி குடத்தை இறக்கிவைத்தார். முன்சீட்டில் கிடந்த பழைய பெட்டியை எடுத்து, உள்ளே விரலால் தடவி, விரலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏங்க, நம்மூர்ல மழை மஞ்சளாவா பெய்யுது?" என்று எங்களுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். பரமன் தலைகுனிந்தார்.

உள்ளேயிருந்து மாமியார் குரல்: "என்னாடி சொல்றான்?"

ஈஸ்வரி விரலை முந்தானையில் துடைத்தார். "சாரல்தானாம் அத்தே. நல்லா இறங்கியிருக்கு." குடத்துத் தண்ணீரை முருங்கைமரத்துக்கு ஊற்றினார். ஊற்றும்போது அழுதார். அதுதான் அந்த வீட்டில் அவர் அழுத முதல் அழுகை என்று பரமன் பிறகு சொன்னார்.

மறுநாள் காலை 9.15. சுருளி அருவிக்குப் புறப்படும் முன், கம்பம் பேருந்து நிலையத்தில் ஒரு எஸ்டிடி பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினேன். எங்கள் ஊர் சமதரை, மலையும் இல்லை, இந்தக் காற்றும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டிலும் மருமகள் உண்டு. அவள் வந்த இரண்டாம் மாதம் மிக்சி எரிந்துபோனது. "இவள் கை பட்டால் எதுவும் உருப்படாது" என்று விருந்தாளிகள் முன்னால் சொன்னது நான்தான். போனை அவளே எடுத்தாள்.

"அம்மாடி, அந்த மிக்சியில் ஈரப் பருப்பைப் போட்டு எரித்தது நான்தான்" என்றேன்.

மீட்டரில் எண்கள் ஓடின.

"தெரியும் மாமா" என்றாள்.