காலிக் கட்டம்

எங்கள் கல்வி அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'புள்ளி'. நகரத்தின் முப்பத்தாறு ஆரம்பப் பள்ளிகளுக்கும் தேர்வுச் சராசரி போட்டு, புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்வரை இழுத்து, வரிசைப்படுத்துவது அவர் வேலை. "பெரும்புள்ளி வர்றார், வழி விடுங்க" என்று நான்தான் அதிகம் சீண்டுவேன். சிரித்துக்கொள்வார். ஒரு கிறுக்கு மட்டும் உண்டு: பள்ளிகள் அனுப்பும் மதிப்பெண் பட்டியலில் கட்டம் காலியாக இருந்தால் அவருக்குப் பொறுக்காது. சுழி போட்டு நிரப்பிவிடுவார்.

பள்ளிக்கு ஓரிருவர் தேர்வுக்கு வராவிட்டால் அதனால் சராசரியில் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்த வருடம் மட்டும் தெரிந்தது. கடைசி இடம் வரும் பள்ளியை மூடச் சொல்லி உத்தரவு. கடைசியில் வந்தது அவருடைய அக்கா தலைமையாசிரியையாக இருந்த பள்ளி. சராசரி 49.88.

அக்கா நேரே அலுவலகத்துக்கு வந்தார்.

"தம்பி, கணக்கு சரியாத்தானே பாத்த?"

"ரெண்டு தடவை பாத்தேன்க்கா."

"நீ பாத்தா சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் சொல்லிக்குடுக்கத் தெரியல போல."

மறுநாள் தம்பி அந்தப் பள்ளியின் விடைத்தாள் கட்டைப் பிரித்தார். ஐம்பத்திரண்டு பிள்ளைகளுக்கு நாற்பத்தொரு தாள்தான் இருந்தது. பதினோரு பேர் காய்ச்சலில் வரவில்லை. அக்கா முறைப்படி அந்தக் கட்டங்களைக் காலியாக விட்டிருந்தார். தம்பி பதினோரு சுழி போட்டிருந்தார். வராத பிள்ளை வேறு, ஒன்றும் தெரியாத பிள்ளை வேறு. சரியான சராசரி 63.27. பதினான்காவது இடம்.

அதிகாரியிடம் ஓடினார். "இப்ப மாத்தினா, அக்கா ஸ்கூலுக்காக மாத்தினீங்கன்னு பேசுவாங்க. பேசாம போங்க" என்றார் அந்த மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நானும்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பள்ளியைப் பூட்டினார்கள். அக்கா வேலையை விட்டுவிட்டார். இவர் ஒவ்வொரு ஞாயிறும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அக்கா வீட்டுக்குப் போவார்; சொல்லாமலே திரும்புவார். ஒரு திங்கட்கிழமை நானே கேட்டேன்.

"நேத்தாவது சொன்னீங்களா சார்?"

"வாயெடுத்தேன். அதுக்குள்ள பக்கத்து வீட்டுப் பொண்ணு கணக்கு நோட்டோட வந்து, 'டீச்சர், இது புரியல'ன்னுச்சு."

"அக்கா என்ன சொன்னாங்க?"



"'வேற யார்கிட்டயாவது கேளு கண்ணு, எனக்குச் சொல்லிக்குடுக்க வராது'ன்னு சொல்லி, நோட்டை என் கையில குடுத்தா."